சலங்கைக்கு ஒரு தேக்குப் பெட்டி

அக்கா மகளுக்குத் தை மாதம் அரங்கேற்றம். பட்டு எடுப்பது, நகை எடுப்பது எல்லாம் வீட்டில் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், தாய்மாமன் சீராக நான் ஒரு பெட்டி செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் சலங்கையும் ஆட்ட நகைகளும் அதுவரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. எட்டு வருஷம் ஆடிய காலுக்கு உரிய பொருளை அப்படி வைத்திருப்பது எனக்கு ரொம்ப நாளாகவே மனசுக்கு ஒப்பவில்லை.

ஆகஸ்டில் தொடங்கி நவம்பர் கடைசியில் முடித்தேன். சனி, ஞாயிறு மட்டும்தான் வேலை.

அளவு எடுக்க அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் பாயில் பரப்பச் சொன்னேன். நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி, ஜிமிக்கி, மாட்டல், புல்லாக்கு, வங்கி. இவையெல்லாம் சின்னச் சின்ன அறைகளில் அடங்கிவிடும். ஒட்டியாணம்தான் மடங்காது. அதன் வளைவோடு வைத்தால் 11 இன்ச் வந்தது. பெட்டியின் நீளத்தை முடிவு செய்தது அதுதான். சலங்கையைச் சமையலறைத் தராசில் வைத்தோம். இரண்டு காலுக்கும் சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் அடிப்பலகையும் கைப்பிடியும் உறுதியாக இருக்க வேண்டும். சலங்கை கீழே, நகைத் தட்டு மேலே. வெளி அளவு 14 இன்ச் நீளம், 10 அகலம், ஏழரை உயரம்.

இந்த இடத்தில்தான் நான் முன்பு செய்த பெட்டிகளில் தவறு நடந்தது. மரத்தை அறுத்து, இழைத்து, பெட்டியைக் கூட்டிய பிறகு கீல் வாங்கப் போவேன். கிடைத்த கீலுக்குப் பலகையின் கனம் பொருந்தாது. திருகு மறுபக்கம் எட்டிப் பார்க்கும். இந்த முறை முதலில் பித்தளை, அப்புறம்தான் மரம் என்று வைத்துக்கொண்டேன். பெட்டி செய்ய நினைக்கிற யாருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன். கீலும் பூட்டும் கையில் வரும்வரை ரம்பத்தைத் தொட வேண்டாம்.

ஒரு பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு மதுரையில் கடை கடையாக ஏறினேன். பளபளவென்று பித்தளை மாதிரி இருந்த முதல் ஜோடிக் கீலைக் காந்தம் 'டக்'கென்று பிடித்துக்கொண்டது. உள்ளே இரும்பு, மேலே பித்தளை முலாம். அடுத்த கடையில் காந்தம் ஒட்டவில்லை, ஆனால் அது தகட்டை மடக்கிச் செய்த கீல். இரண்டு இலைகளையும் (திருகு போடும் தட்டையான பக்கங்கள்) பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் அசைந்தது. பெட்டி மூடியில் அந்த ஆட்டம் முன்பக்கம் வரும்போது பல மடங்காகத் தெரியும். மூன்றாவது கடையில் கிடைத்தது கெட்டிப் பித்தளை. இலையும், ஊசி நுழையும் உருளையான கணுவும் ஒரே துண்டு, தகடு மடங்கிய இடமே கிடையாது. இரண்டு இன்ச் நீளம், கணுவின் கனம் இரண்டு நூல். (ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். ஆசாரிகளோடு பேசிப் பேசி எனக்கும் இந்தக் கணக்குதான் கைக்கு வருகிறது.) விலை மற்றதைப்போல நான்கு மடங்கு. யோசிக்காமல் வாங்கினேன்.

பூட்டுக்குத் திண்டுக்கல் போனேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு என்றாலே அந்த ஊர்தான் நினைவுக்கு வரும். எனக்கு வேண்டியது தொங்கும் பூட்டு இல்லை, பலகைக்குள் பதியும் பெட்டிப் பூட்டு. வீட்டிலேயே பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போய் நின்றேன். என் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்: "தம்பி, பலகை எத்தனை நூலு? அதச் சொல்லுங்க மொதல்ல."

இன்னும் மரமே வாங்கவில்லை என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நல்லதாப் போச்சு. அஞ்சு நூலுக்கு இழைங்க. பூட்டு மூணு நூலு உள்ள போவும், வெளிய ரெண்டு நூலு நிக்கும். அதுக்குக் கொறஞ்சா சாவி போடுற எடத்துல பலகை பொளந்துரும்."

மூன்று வாரத்தில் பூட்டு வந்தது. பின்தகட்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே மூன்று லீவர்கள், அதாவது சாவி தூக்குகிற சின்னத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங். சாவியின் வெட்டுகள் மூன்றையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். ஒன்று குறைந்தாலும் நகராது, கூடினாலும் நகராது. லீவர் கூடுதலாக உயர்ந்தாலும் திறக்கக் கூடாது என்ற இந்த ஏற்பாட்டுக்கு 1778-ல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் காப்புரிமை வாங்கினார். அதே விதியை அந்தப் பட்டறையில் ஒருவர் அரத்தை வைத்துக்கொண்டு, இரண்டு தேய், ஒருமுறை சாவி திருப்பு, மறுபடி இரண்டு தேய் என்று காதால் கேட்டே சரி செய்தார். கடைசியாகத் திருப்பியபோது வந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. அவர் தலையாட்டிவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார்.

பூட்டு தயாராகும் நாட்களில் காரைக்குடி போய் மரம் வாங்கி வந்தேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு அது. நகரத்தார் அங்கே தொழில் செய்த காலத்தில் கட்டிய வீடுகள். நான் வாங்கியது ஒரு உடைந்த கதவின் பலகை, ஒன்றேகால் இன்ச் கனம், வெளிமரம் துளிக்கூட இல்லாத முழு வைரம், அதாவது மரத்தின் உள்ளே இருக்கும் கெட்டியான பகுதி. ஒரு வீடு பிரிக்கப்பட்டதால்தான் அது கடைக்கு வந்திருக்கிறது. கதவில் கை வைத்து வைத்து வழுவழுத்துப்போன இடத்தைத் தடவிப் பார்த்தேன். இதை வீணாக்கக் கூடாது என்று அப்போதே தோன்றியது.

மறுபடியும் காந்தம். பலகையின் மேல் ஒவ்வொரு விரற்கடையாக நகர்த்தினேன். பழைய மரத்தில் ஆணி முறிந்து உள்ளே நிற்கும். இரும்பு பட்ட இடத்தில் தேக்கு கறுத்துப் போயிருப்பதையும் பார்த்தால் தெரியும். ஏழு ஆணிகளை எடுத்தேன். எட்டாவது ஆழத்தில் இருந்திருக்கிறது, காந்தத்துக்கு எட்டவில்லை. அறுவை மில்லில் தப்பி, வீட்டில் இழைக்கும்போது இழைப்புளியின் அலகில் பிறை மாதிரி ஒரு துண்டைப் பெயர்த்துவிட்டது. அலகைத் தீட்டி நேராக்க ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. தேக்கில் மணல்சத்து உண்டு, ஆணி இல்லாவிட்டாலும் அது அலகைச் சீக்கிரம் மழுக்கும். அதனால் அரைமணிக்கு ஒருமுறை தீட்டுக்கல்லுக்குப் போவதை வேலையின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து நூலுக்கு இழைத்தேன். நான்கு பக்கமும் ஒரே பலகையிலிருந்து வரிசையாக அறுத்ததால் ரேகை மூலை திரும்பியும் தொடர்ந்து ஓடும். நாலாவது மூலையில் மட்டும் அறுபடும், அதைப் பின்பக்கம் வைத்துக்கொண்டேன்.

மூலைகளுக்குப் புறாவால் பொருத்து. ஒரு பலகையின் முனையில் புறாவின் வால் மாதிரி விரிந்த பகுதி வால், அதன் இடுக்கில் நுழையும் அடுத்த பலகையின் முனை பல். தேக்கு மாதிரி வன்மரத்துக்கு எட்டுக்கு ஒன்று என்ற சாய்வு போதும், அதைவிடச் சாய்த்தால் வாலின் நுனி உதிரும். பெட்டியை மூடியோடு சேர்த்து ஒரே கூடாக ஒட்டி, பிறகுதான் மூடியை அறுத்துப் பிரிக்கப் போகிறேன். அதனால் அறுக்கும் கோடு எங்கே விழும் என்று முதலிலேயே கணக்குப் போட வேண்டும். அந்த இடத்தில் ஒரு பல்லை மட்டும் இரண்டு மடங்கு அகலமாக, ரம்பத்துக்கும் இழைப்புக்கும் போகிற ஒரு நூலையும் சேர்த்து, விட்டேன். அறுத்த பிறகு மேலே பாதி, கீழே பாதி என்று இரண்டும் முழுமையாகத் தெரிகின்றன.

மூடியின் மேல்பலகை நான்கு பக்கமும் காடிக்குள், அதாவது பக்கப் பலகைகளில் நீளவாக்கில் தோண்டிய பள்ளத்துக்குள், உட்காருகிறது. அதற்குப் பசை கிடையாது. பச்சை மரம் முழுக்கக் காயும்போது தேக்கு, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 5.8 சதவீதம் அளவுக்குச் சுருங்கும். பல மரங்களைவிட இது குறைவுதான், ஆனாலும் நூறு வருஷம் காய்ந்த பலகையும் சித்திரை வெயிலுக்குச் சுருங்கி ஐப்பசி மழைக்கு விரியத்தான் செய்யும். ஒன்பதேகால் இன்ச் அகலத்துக்குக் கணக்குப் பார்த்தால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் காடியில் இடம் விட்டேன். அந்தப் பலகையைப் பசை போட்டு இறுக்கினால், அது நடுவில் வெடிக்கும் அல்லது மூலைப் பொருத்தைத் தள்ளித் திறக்கும்.

அடிப்பலகைக்கு ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் போட்டேன். தேக்குப் பெட்டிக்கு பிளைவுட்டா என்று கேட்ட ஆசாரி நண்பருக்கு நான் சொன்ன பதில், இது விரியாது, அதனால் சுற்றிலும் பசை போட்டு ஒட்டலாம், ஒன்றரைக் கிலோ சலங்கையை எத்தனை முறை 'தொப்'பென்று வைத்தாலும் தாங்கும். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. காடிகளை மட்டும் முனைவரை ஓட்டாமல் முன்னாலேயே நிறுத்தி உளியால் முடித்தேன். ஓட்டிவிட்டால் வெளியே மூலையில் சதுர ஓட்டை தெரியும்.

தேக்கில் எண்ணெய் உண்டு, பசையை விலக்கும். ஒட்டுவதற்குச் சற்று முன்பாகப் பொருத்துகளை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்தேன். துணி மஞ்சளாக வந்தது. மதுரை வெயிலில் பசை ஐந்து நிமிஷத்தில் தோல் கட்டிவிடும் என்பதால் காலை ஐந்தரைக்கே ஒட்டும் வேலையை வைத்துக்கொண்டேன். மூலைக்கு மூலை குறுக்கே அளந்ததில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். நீளமாக இருந்த மூலைவாக்கில் ஒரு கிளாம்பைப் போட்டு மெதுவாக இறுக்க, சரியாகிவிட்டது.

மறுவாரம் அறுத்தேன். ஒவ்வொரு பக்கமாகச் சுற்றிச் சுற்றி, ஒரு பக்கம் முடிந்ததும் அந்த இடுக்கில் அதே கனத்தில் ஒரு சிம்பை (மெல்லிய மரத் துண்டை) செருகி டேப் ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கடைசிப் பக்கம் அறுக்கும்போது கூடு நசுங்கி ரம்பத்தைப் பிடிக்கும். சமையல் மேடை போட்டபோது மிஞ்சிய கிரானைட் துண்டில் உப்புத்தாளை ஒட்டி, மூடியையும் பெட்டியையும் அதன்மேல் தேய்த்துச் சமமாக்கினேன். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தபோது விளக்கு வெளிச்சம் ஊடே வரவில்லை.

இனிக் கீல். மூடி திறந்து மூடுவதன் சுகம் முழுக்க இதில்தான் இருக்கிறது. கணுவின் கனம் இரண்டு நூல் என்றால், ஒவ்வொரு இலைக்கும் தோண்டும் பள்ளம் அதில் பாதி, ஒரு நூல். கத்தியால் இலையைச் சுற்றிக் கீறினேன். பென்சில் கோட்டுக்குக் கனம் உண்டு, கத்திக் கீறலுக்கு இல்லை. அந்தக் கீறலில் உளியை வைத்தால் அது தானாக உட்காரும். நடுப்பகுதியைக் குறுக்கே சின்னச் சின்னதாக வெட்டி, படுக்கவைத்த உளியால் சீவி எடுத்தேன். சிராய் சுருண்டு சுருண்டு வந்தது. அறையெல்லாம் தேக்கின் தோல் மாதிரியான வாசனை.

இடது கீல் பள்ளம் சரியாக வந்தது. வலதுபக்கம் ஒரு மில்லிமீட்டரில் பாதி ஆழமாகிவிட்டது. அவ்வளவுதான். ஆனால் மூடியைச் சாத்தியதும் பின்பக்கம் முதலில் முட்டிக்கொண்டு, முன்பக்கம் வலது மூலை வாயைத் திறந்து நின்றது. கையால் அழுத்தினால் மூடும், விட்டால் எழும். அப்படியே திருகை முறுக்கிவிட்டால் கீலின் மேல் நாளெல்லாம் பாரம் இருந்து, திருகு மரத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். வீட்டில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையின் அட்டையை இலை அளவுக்கு வெட்டிப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் எழுந்தது. இரண்டாவது அட்டை. மூடி இறங்கி, 'பொத்'தென்று உள்ளிருந்த காற்றை வெளியே தள்ளி உட்கார்ந்தது. பிறகு அந்தக் கனத்துக்குத் தேக்குச் சீவலை எடுத்துப் பள்ளத்தில் ஒட்டிவிட்டு அட்டைகளை நீக்கினேன்.

பித்தளைத் திருகு மென்மையானது. அதை நேரடியாகத் தேக்கில் ஏற்றக் கூடாது. முதலில் துளை, அப்புறம் அதே அளவு எஃகுத் திருகை ஏற்றிப் புரியை உண்டாக்கி, அதைக் கழற்றிவிட்டு, மெழுகுவத்தி தடவிய பித்தளைத் திருகைப் போட வேண்டும். பதினோரு துளைக்கு அப்படித்தான் செய்தேன். பன்னிரண்டாவதில் மின்சாரம் போய், அரையிருட்டில் எஃகுத் திருகு போட மறந்து பித்தளையை முறுக்கிவிட்டேன். கையில் ஒரு நெகிழ்வு தெரிந்தது, அடுத்த நொடி தலை மட்டும் திருப்புளியோடு வந்தது. உடல் மரத்துக்குள். உட்கூடான எஃகு பின் ஒன்றின் வாயில் அரத்தால் பல் வெட்டி, டிரில்லில் மாட்டி, முறிந்த திருகைச் சுற்றி மெதுவாகக் குடைந்து, மரத்தோடு சேர்த்து வெளியே எடுத்தேன். அந்த ஓட்டையில் ரேகை பார்த்து ஒரு தேக்கு ஆப்பை அடித்து ஒட்டி, மறுநாள் புதிதாகத் துளை போட்டேன். கீல் இலை மேலே வந்து மூடிக்கொள்வதால் இப்போது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. கடைசியில் எல்லாத் திருகின் வெட்டும் ஒரே திசை பார்க்கும்படி நிறுத்தினேன். தேவையா என்றால் தேவையில்லை. ஆனால் திறந்து பார்க்கும் கண்ணுக்கு அது ஒரு மரியாதை.

பூட்டைப் பதிக்கப் பெரியவர் சொன்னபடி மூன்று நூல். வெளியே நின்ற இரண்டு நூலில் ஒரு வெடிப்பும் வரவில்லை. மூடியில் வரும் நாதாங்கித் தகடு சரியாக எங்கே உட்கார வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தகட்டைப் பூட்டின் வாயில் வைத்துச் சாவியைத் திருப்பிப் பிடிக்க வைத்தேன். அதன் முதுகில் அக்கா மகளிடம் வாங்கிய கண்மையைத் தடவி, மூடியை ஒருமுறை இறக்கி எடுத்தேன். மூடியில் தகட்டின் அச்சு அப்படியே விழுந்தது. அதைச் சுற்றிக் கத்தியால் கீற வேண்டியதுதான்.

மூலைகளுக்கும் பித்தளைத் தகடு போடலாம் என்று முதலில் எண்ணம். ஆனால் புறாவாலை மறைத்துப் பித்தளை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. அலங்காரம் எல்லாம் சாவிக்கண்ணைச் சுற்றி ஒரே இடத்தில் வந்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டில், எதிரெதிரே பார்க்கும் இரண்டு மாங்காய்களை வரைந்து ஒட்டினேன். தட்டார்கள் வைத்திருக்கும் மெல்லிய வில்ரம்பம், தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அதில் தேன்மெழுகு தடவிக்கொண்டு, நேர் மேலும் கீழுமாக மட்டும் ஓட்ட வேண்டும். வளைவில் ரம்பத்தைத் திருப்பாமல், ரம்பத்தை ஒரே இடத்தில் ஆட்டிக்கொண்டே தகட்டைத் திருப்ப வேண்டும். மாங்காயின் மூக்கு சுருண்டு உள்ளே வரும் இடத்தில் அலகு முறியும். முதல் மாங்காய்க்கு ஐந்து அலகு போனது, இரண்டாவதற்கு ஒன்று. ஓரங்களை ஊசி அரத்தால் தேய்த்து, புளி போட்டுக் கழுவித் துடைத்ததும் அந்த மஞ்சள் நிறம் இளவெயில் மாதிரி வந்தது. தூக்கு விளக்குக் கடையில் வாங்கிய மெல்லிய சங்கிலி மூடியைத் தொண்ணூறு பாகைக்குச் சற்றுத் தாண்டி நிறுத்துகிறது. பக்கங்களில் இரண்டு வளையப் பிடிகள். அவற்றுக்கு மட்டும் திருகு போடாமல், போல்ட் போட்டு உள்பக்கம் நட்டு வைத்து முடுக்கினேன். பாரம் தூக்குவது அவைதான்.

பூச்சுக்கு அவலரக்கு, செதில் செதிலாக வரும் அரக்கு. 24 கிராம் அரக்கை 100 மில்லி ஸ்பிரிட்டில் இரவெல்லாம் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, பஞ்சு முடிச்சால் பூசினேன். பித்தளையை எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான். அக்டோபர் மழை பிடித்த நாளில் பூசிய மூன்றாவது கை (பூச்சு), பால் தெளித்தது போல வெளுத்துவிட்டது. காற்றில் ஈரம் இருந்தால் அரக்கு அப்படி ஆகும். நான்கு நாள் காத்திருந்து, வெயில் வந்த மத்தியானம் ஸ்பிரிட் மட்டும் தொட்ட முடிச்சை லேசாக ஓட்டினேன், வெளுப்பு போய்விட்டது. மொத்தம் ஒன்பது கை, அதன்மேல் தேன்மெழுகு. சானிடைசர், சென்ட், மேக்கப் கலைக்கும் திரவம் எதுவும் இதன்மேல் படக் கூடாது என்று பிள்ளையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சாராயச்சத்து உள்ள எதுவும் அரக்கைக் கரைத்துவிடும்.

உள்ளே வெல்வெட் வேண்டாம் என்று முடிவு செய்தேன். கம்பளியும் சில சாயத் துணிகளும் வெள்ளியைக் கறுக்க வைக்கும். அவள் நகைகளில் பாதி, வெள்ளியில் முலாம் போட்டுக் கெம்பு பதித்தவை. சாயம் போடாத பருத்தித் துணியை நன்றாக அலசிக் காயவைத்து, அட்டையில் இழுத்துக் கட்டி அறைகளில் பதித்தேன். பசை இல்லை, அழுக்கானால் எடுத்துத் துவைக்கலாம்.

அரங்கேற்றத்துக்கு முன்பு சலங்கை பூஜை நடந்தது. நடராஜர் முன்னால் பெட்டியை வைத்து, அவளே சாவியைத் திருப்பித் திறந்து சலங்கையை எடுத்தாள். "மாமா, மூடும்போது இது மூச்சு விடுது" என்றாள். பிளாஸ்டிக் டப்பாவை அன்றைக்கே அக்கா அரிசி போட எடுத்துக்கொண்டாள்.

பங்குனியில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். மேல்பலகை இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் சுருங்கி, காடியின் ஓரத்தில் அரக்குப் படாத வெளிர்க் கோடு ஒன்று தெரிந்தது. முடிச்சால் அந்தக் கோட்டை மட்டும் தொட்டு மூடினேன். வலது கீலில் ஒரு திருகு கால் சுற்று தளர்ந்திருந்தது, முடுக்கி, வெட்டை மறுபடி மற்றவற்றோடு ஒரே திசைக்குக் கொண்டுவந்தேன்.